டாஃபோடில் ரகம் தெரியணுமா? முதலில் கிண்ணத்தை அளந்து பாருங்கள்

வசந்தத்தில் கிழங்கிலிருந்து பூக்கும் டாஃபோடில் பற்றி வந்த கேள்விகள் இவை. இங்கிலாந்தில் தோட்டம் போட்டிருப்பவர்களின் கேள்விகள்தான் அதிகம். சென்னையிலிருந்தும் ஒன்று வந்திருக்கிறது.

அக்கா, புதிதாகக் குடிவந்த வீட்டில் நாலைந்து விதமான டாஃபோடில் பூத்திருக்கிறது. எது என்ன ரகம்? (ஹாரோ)

நிறத்தை அப்புறம் பார்க்கலாம். ஒரு பூவைப் பறித்து, இதழ் ஒன்றை, பூவின் நடுவே கிண்ணம் போல் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியின் மேல் மடித்து வைத்துப் பாருங்கள். தண்டுக்கு ஒரே பூ இருந்து, கிண்ணம் இதழளவோ அதைவிட நீளமோ இருந்தால் எக்காள வகை. இதழின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டி, முழு நீளத்தை எட்டாவிட்டால் பெரிய கிண்ணம். மூன்றில் ஒன்றோ அதற்கும் குறைவோ என்றால் சின்னக் கிண்ணம். இங்கிலாந்தின் தோட்டக்கலைச் சங்கமான ராயல் ஹார்ட்டிகல்ச்சரல் சொசைட்டி பிரித்திருக்கும் 13 பிரிவுகளில் முதல் மூன்றும் இவைதான்.

மற்றவற்றைப் பார்த்ததுமே பிடித்துவிடலாம். இதழெல்லாம் காற்றடித்தாற்போல் பின்னால் மடங்கியிருந்தால் சைக்ளமினியஸ். மஞ்சள் இதழும் ஆரஞ்சுக் கிண்ணமுமாக வரும் ஜெட்ஃபயர் இந்த வகை. தண்டுக்கு இரண்டு மூன்று வெள்ளைப் பூ தலைகுனிந்து நின்றால் அநேகமாகத் தாலியா. ஒரு சாண் உயரத்தில் குட்டி மஞ்சள் பூக்கள் என்றால் டெட்-ஆ-டெட்டாக இருக்கலாம். பதிவான ரகங்கள் பல்லாயிரம் இருப்பதால் பெயர் கிடைக்காமல் போவது சகஜம். பிரிவு தெரிந்தாலே பெரிய விஷயம்.

பையில் ‘கிங் ஆல்ஃபிரட்’ என்று போட்டிருந்தது. உண்மையா? (கிராய்டன்)

சந்தேகம்தான். 1899-இல் புகழ்பெற்ற அசல் ரகம் இப்போது அரிது. பெரும்பாலும் டச்சு மாஸ்டர் போன்ற வேறு மஞ்சள் எக்காளங்களையே அந்தப் பெயரில் விற்கிறார்கள். அதுவும் நல்ல பூதான், ஆசையாக வளருங்கள்.

ஐஸ் ஃபாலீஸ் பூத்தபோது கிண்ணம் மஞ்சள், இப்போது வெளிறிவிட்டது. நோயா? (லெஸ்டர்)

இல்லை, அதன் சுபாவமே அதுதான். மஞ்சளாக மலர்ந்து, நாளாக ஆகக் கிரீம் நிறத்துக்கு வந்துவிடும்.

முந்தி நிறையப் பூத்தது, இந்த முறை இலை மட்டும்தான் வருது. ஏன் அக்கா? (ஈஸ்ட் ஹாம்)

பூ வாடியதும் இலையை வெட்டினீர்களா, முடிச்சுப் போட்டீர்களா? அடுத்த வருடப் பூவுக்கான சத்து அந்த இலையிலிருந்துதான் கிழங்குக்குப் போகிறது. பூ முடிந்து ஆறு வாரமாவது இலையைத் தொடாதீர்கள், பார்க்க அலங்கோலமாக இருந்தாலும் பரவாயில்லை. கிழங்குகள் நெருங்கிப்போனாலும், ஆழமில்லாமல் நட்டிருந்தாலும் இப்படி ஆகும். இலை காய்ந்ததும் தோண்டிப் பிரித்து, கிழங்கின் உயரத்தைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் நடுங்கள். சமையலறைப் பக்கம் மட்டும் வைத்துவிடாதீர்கள். பார்க்க வெங்காயம் போலவே இருக்கும், ஆனால் நஞ்சு.

ட்யூலிப்போடு ஒரே ஜாடியில் வைக்கலாமா? (ஹாரோ)

வெட்டிய உடனே வேண்டாம். டாஃபோடில் தண்டில் வடியும் பால் மற்ற பூக்களைச் சீக்கிரம் வாட வைத்துவிடும். ஓர் இரவு தனித் தண்ணீரில் வைத்து, மறுபடி தண்டை வெட்டாமல் சேருங்கள்.

சென்னையில் வளருமா?

தோட்டத்து ரகங்கள் பெரும்பாலானவற்றுக்கு வாரக்கணக்கில் குளிர் வேண்டும், அதனால் வீண் செலவு வேண்டாம். அதே குடும்பத்து ரெயின் லில்லியை வையுங்கள், மழை பெய்ததும் பூத்துத் தள்ளும்.

இந்த செப்டம்பரில் ஒரே ஒரு ரகம் நடலாம் என்றால் எது? (லெஸ்டர்)

எனக்கு ஃபெசன்ட்ஸ் ஐ. வெள்ளை இதழ், நடுவில் சட்டைப் பொத்தானளவு மஞ்சள் கிண்ணம், அதன் விளிம்பில் மெல்லிய சிவப்புக் கோடு, வாசனையும் உண்டு. மற்றதெல்லாம் ஓய்ந்தபின் மே மாதத்தில் பூக்கும். ஈரம் நிற்கும் புல்வெளியிலும் தாங்கும், ஆனால் அதன் இலை காயும்வரை புல் வெட்டும் மெஷினை அந்தப் பக்கம் விடாதீர்கள்.