விமான நிலையமும் சுயநலமும் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

காஞ்சிபுரம் பக்கம் பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் கட்டுவதை எதிர்த்துக் கிராமத்தார் போராடுவது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்குச் சொந்த ஊர் காட்பாடி, வேலை பெங்களூரில். நம் வேலூர் அப்துல்லாபுரம் விமான நிலையத்தைப் பல வருடமாக இதோ அதோ என்கிறார்கள், ஒரு விமானமும் வந்தபாடில்லை. வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்குக் கொல்கத்தாவிலிருந்தும் டாக்காவிலிருந்தும் வருகிற நோயாளிகள் சென்னையில் இறங்கி மூன்று மணி நேரம் காரில் வருகிறார்கள். பரந்தூர் வந்தால் நமக்கு வழி பாதியாகக் குறையும். விமான நிலையம் எல்லோருக்கும் வேண்டும், ஆனால் என் வீட்டுப் பக்கம் வேண்டாம் என்றால் எப்படி? 13 கிராமத்துக்காக ஒரு மாநிலமே காத்திருக்க வேண்டுமா? இது சுயநலம் இல்லையா? கோபமாக எழுதியிருந்தால் மன்னியுங்கள்.

ர., பெங்களூர்

அன்புள்ள ர.,

கோபத்தில் தப்பில்லை. சுயநலம்தான், சந்தேகமே வேண்டாம். தன் வீட்டையும் கிணற்றையும் காப்பாற்ற நினைப்பதற்கு வேறென்ன பெயர்? ஆனால் நமக்கு வழி குறையும் என்று நீங்கள் எழுதியதும் அதே சரக்குதானே. உங்களுக்கு மிச்சம் ஒன்றரை மணி நேரம், அவர்களுக்குப் போவது ஊர். ஆகவே யார் சுயநலக்காரர் என்ற பஞ்சாயத்தை விட்டுவிட்டு, அவர்கள் சொல்வது சரியா என்று பார்க்கலாம். அந்த வேலையைத்தான் யாரும் செய்வதில்லை.

2022 ஜூலை கடைசியில், அந்த 13 கிராமத்தில் ஒன்றான ஏகனாபுரத்தில் போராட்டம் தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் முதலில் சொல்வது தண்ணீரைப் பற்றித்தான். திட்டத்துக்குக் கேட்கிற நிலம் 5,000 ஏக்கருக்கு மேல். அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு ஏரி, குளம், கால்வாய். பாலாற்றுத் தண்ணீரைக் கொண்டுவருகிற கம்பன் கால்வாய் அதன் குறுக்கே ஓடி, ஏரி ஏரியாக நிரப்பிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குப் போகிறது. வாலாஜா அணைக்கட்டில் பிரிகிற கால்வாய்களும் காவேரிப்பாக்கம் ஏரியும் இருக்கிற பக்கத்துக்காரர் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலேரி நிரம்பிக் கோடி போனால் அந்தத் தண்ணீர் கீழேரிக்கு வரும், அது நிரம்பினால் அதற்கும் கீழே. நடுவில் ஓர் ஏரியைத் தூர்த்துவிட்டு, பதிலுக்கு ஓரமாக ஒரு குளம் வெட்டித் தருகிறோம் என்றால் தண்ணீருக்கு அந்த அரசாணை புரியாது.

இதில் விமானம் ஏறுகிறவனுக்கும் பங்கு உண்டு. இப்போதைய சென்னை விமான நிலையமான மீனம்பாக்கத்தின் இரண்டாம் ஓடுபாதையை அடையாற்றின் மேல் பாலம் போட்டு நீட்டினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஓடுபாதையில் தண்ணீர் ஏறி, விமான நிலையம் நாலைந்து நாள் மூடிக் கிடந்தது. மாட்டிக்கொண்ட பயணிகளை எங்கிருந்து அனுப்பினார்கள் தெரியுமா? நம் அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து. ஆற்றின் மேல் கட்டினால் என்ன ஆகும் என்று அரசு ஒரு முறை செலவு செய்து கற்றாயிற்று. ஏகனாபுரத்துக்காரர் அதையே இலவசமாகச் சொல்கிறார்.

அடுத்தது நிலம் எடுக்கிற விதம். 2013 மத்தியச் சட்டப்படி எடுத்தால், அந்த ஊரில் யார் யார் பாதிக்கப்படுவார்கள் என்ற சமூகத் தாக்க மதிப்பீட்டை முதலில் செய்ய வேண்டும். பரந்தூருக்கு எடுப்பது, தொழில் திட்டங்களுக்கு நிலம் எடுப்பதற்கான 1997 மாநிலச் சட்டப்படி. அதில் அந்த வேலையே கிடையாது. 2023 ஏப்ரலில் நில ஒருங்கிணைப்புச் சட்டம் என்று இன்னொன்றும் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டத்துக்குள் நீர்நிலை இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கான சட்டம். ஏரி தடை என்று கிராமம் சொன்னதைச் சட்டமன்றமும் ஒப்புக்கொண்டது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

நில எடுப்பு அறிவிப்பு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, பட்டாதாரர் பெயர். பல இடத்தில் அந்தப் பெயர் எப்போதோ செத்துப்போன தாத்தாவுடையதாக இருக்கும். பக்கத்தில் கிணறு 1, மோட்டார் கொட்டகை 1, தென்னை 4. ஆட்சேபணை சொல்ல 30 நாள். அதற்குள் பாகப்பிரிவினை பதியாத அண்ணன் தம்பிகள் சேர்ந்து உட்கார்ந்து, வாரிசுச் சான்றுக்குத் தாசில்தார் ஆபீசுக்கு நடக்க வேண்டும். வாய்வார்த்தையில் குத்தகைக்கு உழுகிறவர் பெயர் அந்தத் தாளில் எங்கேயும் இருக்காது. நஷ்டஈடு கணக்கோ வழிகாட்டி மதிப்பையும் பழைய கிரயப் பத்திரங்களையும் வைத்துத்தான் தொடங்கும். முத்திரைத்தாள் செலவுக்குப் பயந்து நம் ஜனங்கள் விலையைக் குறைத்து எழுதிய பத்திரங்கள் அவை! இவ்வளவும் தெரிந்தும் சிலர் விற்றுப் பதிந்து கொடுத்திருக்கிறார்கள். அவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். எத்தனை வருடம்தான் ஒரு குடும்பம் கல்யாணத்தையும் வீட்டு வேலையையும் தள்ளிப்போடும்?

வேலிக்கு வெளியே இருப்பவர் கதை வேறு. அவருக்கு நிலமும் போகாது, பணமும் வராது, சத்தம் மட்டும் வரும். குடியிருப்புப் பகுதிக்கு நம் நாட்டில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு இருக்கிறது. போக்குவரத்து மிகுந்த விமான நிலையத்தின் சுற்றுப்புறத்துக்கு அதே வரம்பு 70, 65. அதாவது ராத்திரியில் அந்தப் பக்கத்துக் குழந்தை, மற்ற ஊரில் பகலுக்கே அனுமதியில்லாத சத்தத்தில் தூங்கலாம் என்று சட்டமே சொல்கிறது. 20 கிலோமீட்டர் சுற்றளவுக்குக் கட்டட உயரத்துக்கும் அனுமதி வாங்க வேண்டிவரும். மாடி எடுக்கப் பிளான் போடுகிற அன்றைக்குத்தான் பலருக்கு இது தெரியவரும்.

அப்போ வேலூருக்கு விமான நிலையமே வேண்டாமா என்பீர்கள். அப்துல்லாபுரத்தை நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே ஓடுபாதை உள்ள இடம் அது, புதிதாக ஓர் ஊரைத் தூக்க வேண்டியதில்லை. அங்கே கேள்வி ஆலங்காயம் சாலையைப் பற்றியது. ஓடுபாதைக்காக அதை மூடினால் தினமும் அந்த வழியில் பள்ளிக்கும் சந்தைக்கும் போகிறவர்கள் எப்படிப் போவார்கள் என்பதற்கு முதலில் சரியான மாற்று வழி வேண்டும். அது பேசித் தீர்க்கக்கூடியது. ஆனால் அங்கே திட்டமிட்டிருப்பது இருபது பேர் ஏறும் சின்ன விமானத்துக்கு என்பதையும் மறக்காதீர்கள். சிஎம்சி பக்கத்துக் காந்தி ரோடு லாட்ஜ்களில் வங்காளப் பலகையைப் பார்த்து அறை தேடுகிற கூட்டத்தில் நிறையப் பேர் காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி வந்தவர்கள். சிஎம்சி நோயாளிக்காக என்று ஒரு கோரிக்கை வைப்பதானால், அவர்களுக்குக் கொல்கத்தாவிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் இன்னும் சில ரயில் வேண்டும் என்று எழுதுங்கள். அந்த மனுவில் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

அன்புடன்