உட்கட்சித் தேர்தலில் ஒரு வேட்பாளரின் வெற்றி வாய்ப்பை எப்படி எடைபோடுவது?

மனத்துக்குப் பிடித்தவருக்கு வாக்களிப்பதா, பொதுத்தேர்தலில் ஜெயிக்கக்கூடியவருக்கு வாக்களிப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் 'பிரைமரி' என்று சொல்லப்படும் வேட்பாளர் தேர்வுத் தேர்தலுக்கு இதே கேள்வியோடு போனவன் நான் என்பதால், அந்த அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

2020 மார்ச் 3 அன்று வர்ஜீனியாவில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வு நடந்தது. இம்மாநிலத்தில் வாக்காளர்களைக் கட்சிவாரியாகப் பதிவு செய்வதில்லை என்பதால், எந்தக் கட்சியிலும் சேராத என்னைப் போன்றவர்களும் அதில் பங்கேற்கலாம். நான் விரும்பியவர் மாசசூசெட்ஸ் மாநில செனட்டர் எலிசபெத் வாரன். திவால் சட்டத்தையும், சாதாரணக் குடும்பங்கள் கடனில் மூழ்கும் விதத்தையும் அவர் அளவுக்கு ஆழமாக அறிந்தவர் அன்று களத்தில் வேறு எவரும் இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் நான் வாக்களித்தது ஜோ பைடனுக்கு. இரு கட்சிகளும் கடுமையாகப் போட்டியிடும் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும், நான் பார்த்தேயிராத ஒரு வாக்காளர், ஒரு பெண்ணை அதிபராக ஏற்கமாட்டார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டதுதான் காரணம். அந்த முடிவில் எவ்வளவு சான்று, எவ்வளவு ஊகம் என்பதை அன்று நான் பிரித்துப் பார்க்கவில்லை.

சான்று என்று நான் மதிப்பது, கட்சி பொதுவாகப் பெறும் வாக்குகளைவிட அந்த வேட்பாளர் அதே மண்ணில் எவ்வளவு கூடுதலாகப் பெற்றிருக்கிறார் என்பதை. மினசோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 அதிபர் தேர்தலில் அங்கே ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹிலாரி கிளிண்டன் சுமார் 1.5 சதவீத வித்தியாசத்தில்தான் தப்பினார். இரண்டே ஆண்டுகளில் அதே மாநிலத்தில், பின்னர் 2020 பிரைமரியிலும் போட்டியிட்ட அதே கட்சியின் எமி குளோபுசார் செனட் தேர்தலில் சுமார் 24 சதவீத வித்தியாசத்தில் வென்றார். குடியரசுக் கட்சிக்கு வழக்கமாக வாக்களிக்கும் பலர் ஒரு பெண்ணுக்கு வாக்களித்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான ஆதாரம் வேண்டியதில்லை. வாரனுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. 2018இல் மாசசூசெட்ஸில் அவர் பெற்றது, கிளிண்டன் 2016இல் அங்கே பெற்ற அளவுதான். என் தயக்கத்துக்கு நியாயமான காரணம் இதுவாக இருந்திருக்கலாம். ஆனால் நான் யோசித்தது இதை அல்ல. குளோபுசாரின் கணக்கும் முழுமையானதல்ல: 2020 பிரைமரியில் தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்களிடம் அவரால் ஆதரவு திரட்ட முடியவில்லை, அவர்கள் இல்லாமல் ஜனநாயகக் கட்சி எந்த அதிபர் தேர்தலையும் வெல்ல முடியாது.

தோற்றத்தை வைத்துக் கணிப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2004ஐப் பார்க்கலாம். அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் ஹோவர்ட் டீனை ஒதுக்கிவிட்டு ஜான் கெர்ரியிடம் பலர் போனதற்கு ஒரு முக்கியக் காரணம், வியட்நாம் போரில் பதக்கங்கள் பெற்றவரை அன்றைய குடியரசுக் கட்சி அதிபர் புஷ்ஷால் பலவீனமானவர் என்று சித்திரிக்க முடியாது என்ற எண்ணம். கடைசியில் எதிர்த்தரப்பு விளம்பரங்கள் குறிவைத்தது அந்தப் போர்ச் சேவையைத்தான்; கெர்ரி தோற்றார்.

இன்னொன்றும் என்னை இன்றுவரை உறுத்துகிறது. 2008 தேர்தலுக்கான ஜனநாயகக் கட்சிப் போட்டியில் தென் கரோலினாவின் கறுப்பின வாக்காளர்களில் பலர், வெள்ளையர்கள் ஒரு கறுப்பினத்தவருக்கு வாக்களிப்பார்களா என்ற ஐயத்தில் ஒபாமாவிடம் வரத் தயங்கினார்கள். பெரும்பாலும் வெள்ளையர்கள் வாழும் அயோவாவில் அவர் 2008 ஜனவரி 3 அன்று வென்ற பிறகே அந்தத் தயக்கம் கரைந்தது. ஒவ்வொருவரும் அடுத்தவரின் தப்பெண்ணத்தைக் கணித்து, அதற்கேற்பத் தம் விருப்பத்தைச் சுருக்கிக்கொண்டால், அந்தத் தப்பெண்ணம் உண்மையிலேயே இருக்கிறதா என்று சோதிக்கும் வாய்ப்பே யாருக்கும் கிடைக்காது. 2020இல் நான் செய்ததும் இதைத்தான்.

அதற்காக வெற்றி வாய்ப்பைப் பார்க்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். அந்த ஆண்டு ஜார்ஜியா, அரிசோனா, விஸ்கான்சின் மூன்றிலும் பைடனின் முன்னிலை மொத்தமாகவே சுமார் 43,000 வாக்குகள்தான். அம்மூன்றும் கைமாறியிருந்தால், மாநிலவாரியாகக் கணக்கிடப்பட்டு அதிபரை முடிவுசெய்யும் தேர்வாளர் வாக்குகள் 269க்கு 269 என்று சமமாகியிருக்கும். அவ்வளவு மெல்லிய இழையில் தொங்கும் தேர்தலில் வேட்பாளர் யார் என்பது முக்கியம்தான். ஆனால் பைடன் வென்றதால், வாரன் நின்றிருந்தால் தோற்றிருப்பார் என்று ஆகிவிடாது. அதை வைத்து என் வாக்கு சரியானது என்று நான் சொல்லிக்கொள்வதும் இல்லை. அடுத்த முறை ஒருவரின் பழைய தேர்தல் எண்களையும், எந்தெந்தப் பிரிவு மக்கள் அவருக்கு ஏற்கெனவே வாக்களித்திருக்கிறார்கள் என்பதையும் பார்ப்பேன். இருவரின் எண்களும் ஏறக்குறைய சமமாக இருந்தால், என் மனத்துக்குப் பிடித்தவருக்கே வாக்களிப்பேன்.