சாவியை எங்கே வைத்தீர்கள்? – கடிதமும் பதிலும்

ஐயா,

கானாடுகாத்தானில் ஓட்டலாக மாற்றிய பழைய வீடு ஒன்றில், வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக்காட்டும் வேலை பார்க்கிறேன். ஸ்பெயினிலிருந்து குழுவாக வருகிறவர்களுக்காகக் கைபேசியில் ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கினேன். பாடமெல்லாம் ஆங்கில வழிதான். 'ஹிம்' என்பதற்கு ஓரிடத்தில் 'லோ' என்கிறது, இன்னோரிடத்தில் 'லே' என்கிறது. 'ஐ லைக்' என்று நினைத்துக்கொண்டு 'யோ குஸ்தோ' என்றேன். சாப்பாட்டு மேசையில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மத்ரித்காரர் ஒருவர் 'அவரைப் பார்த்தேன்' என்பதற்கு 'லே' போட்டுப் பேசினார். என் பாடத்தில் 'லோ' என்று இருக்கிறது. யார் சொல்வது சரி? எனக்கு ஆங்கிலமே தடுமாற்றம், இதில் இது வேறு.

க., கானாடுகாத்தான்

அன்புள்ள க.,

நடுவில் உட்கார்ந்திருக்கும் ஆங்கிலத்தை முதலில் எழுப்பி அனுப்புங்கள். பாதிக் குழப்பம் அதோடு போய்விடும்.

பள்ளியில் வேற்றுமை படித்திருப்பீர்கள். நான், என்னை, எனக்கு: முதலாவது, இரண்டாவது, நான்காவது. ஆங்கிலத்தில் என்னைப் பார்த்தாலும் 'மீ'தான், எனக்குக் கொடுத்தாலும் 'மீ'தான். ஸ்பானிஷும் தன்மையிலும் முன்னிலையிலும் இப்படித்தான். மே, தே என்று ஒவ்வொன்றே இரண்டு வேலையையும் பார்க்கும். படர்க்கையில்தான் பிரியும். அவனை என்றால் லோ, அவளை என்றால் லா. அவனுக்கு, அவளுக்கு இரண்டுக்கும் லே. 'ஹிம்' ஒன்றையே வைத்துக்கொண்டிருக்கும் ஆங்கிலேயர்தான் இதில் திணற வேண்டும். ஐயும் குவும் நாக்கிலேயே இருக்கிற நமக்கு என்ன கஷ்டம்?

ஆனால் எல்லா இடத்திலும் உருபை நம்பிப் போக முடியாது. 'உங்களுக்காகக் காத்திருக்கிறேன்' என்பதில் நமக்குக் கு வருகிறது. அவர்களோ அதை ஐ போட்டுச் சொல்வார்கள். பெண்கள் குழுவென்றால் 'லாஸ் எஸ்பேரோ'. 'அவரைக் கேட்டேன்' என்று நம்மூரில் சொல்வோம், ஏதோ ஒரு விவரம் விசாரித்தேன் என்ற பொருளில். அங்கே அது 'லே' கேட்கும். இப்படிச் சில வினைகளை ஒவ்வொன்றாகத்தான் பழகிக்கொள்ள வேண்டும்.

மத்ரித்காரர் சொன்னதும் தவறில்லை. ஒரே ஓர் ஆணைக் குறிக்கும்போது லோவுக்குப் பதில் லே போடுவது ஸ்பெயினில், குறிப்பாக நடுப்பகுதியில், பரவலான வழக்கம். மொழிக்கு இலக்கணம் வகுக்கும் ஸ்பானிஷ் ராயல் அகாடமியும் அதை ஏற்கிறது. பொருளுக்கு லே போட்டால் ஏற்காது. நீங்கள் லோவையே சொல்லுங்கள். லே காதில் விழுந்தால் திகைக்காதீர்கள்.

சிரிப்புக்கு வருவோம். 'யோ குஸ்தோ' என்றால் 'என்னைப் பிறருக்குப் பிடிக்கும்' என்கிற பக்கம் போய்விடும், அதனால் சிரித்திருப்பார்கள். ஆங்கிலத்தை நினைக்காமல் 'எனக்குக் காப்பி பிடிக்கும்' என்று தமிழில் நினைத்திருந்தால் நேராக 'மே குஸ்தா எல் கஃபே' வந்து விழுந்திருக்கும். எனக்கு: மே. தலைவலிக்கும் அப்படியே: எனக்குத் தலை வலிக்கிறது, 'மே துவேலே லா கபேஸா'. ஒன்றில் மட்டும் தமிழ் கைவிடும். நாம் 'எனக்கு உன்னைப் பிடிக்கும்' என்போம். அந்த வாக்கியத்தில் எழுவாயே கிடையாது. ஸ்பானிஷில் பிடித்துப்போன ஆள்தான் எழுவாய், வினை அவர் பின்னால் போகும்: 'மே குஸ்தாஸ்'. பணியாரம் ஒன்றென்றால் குஸ்தா, தட்டு நிறைய என்றால் குஸ்தான்.

எழுவாயைச் சொல்லாமல் விடுவதில் நாமும் அவர்களும் ஒரே கட்சி. 'வந்தேன்' என்றாலே நான்தான் வந்தேன் என்று தெரிகிறது. 'ஆப்லோ' என்றாலே நான்தான் பேசுகிறேன். வாக்கியத்துக்கு வாக்கியம் 'யோ, யோ' என்றால் மார்தட்டுவதுபோல் இருக்கும். ஆங்கிலத்தில் விகுதி தேய்ந்துவிட்டது, 'ஐ'யை விட முடியாது.

செயப்படுபொருளில்தான் நாம் தனித்து நிற்கிறோம். சாவியை எங்கே வைத்தீர்கள் என்று வளவில் நின்று கேட்டால் 'மேசை மேலே வைத்தேன்' என்போம். 'அதை' என்று யாரும் சொல்வதில்லை. அதே பழக்கத்தில் ஆங்கிலத்தில் 'ஐ கெப்ட் ஆன் தி டேபிள்' என்கிறோம், நடுவில் 'இட்' விழுந்துபோகிறது. உங்கள் ஆங்கிலத் தடுமாற்றத்தில் பெரும்பங்கு இதுவாகத்தான் இருக்கும். ஸ்பானிஷும் விடாது: 'லா பூஸே என் லா மேஸா'. அந்த லா தான் சாவி. (சாவியும் மேசையும் போர்ச்சுகீசியர் வழியாக நமக்கு வந்தவை, ஸ்பானிஷ் சொற்களுக்கு நெருங்கிய உறவு.)

ஏன் லா? சாவி அங்கே பெண்பால். அஃறிணைக்கெல்லாம் ஒரே 'அது' என்று வளர்ந்த நமக்கு உண்மையான தொல்லை இங்கேதான். தரையில் ஆத்தங்குடிக் கல்லைக் காட்டினால் 'பல்தோஸா', பெண்பால், எனவே லா. தலையை நிமிர்த்திச் சுவரில் பதித்த பளபளப்பான ஓடு ஒன்றைக் காட்டினால் 'அஸுலேஹோ', ஆண்பால், லோ. தேக்குக் கதவு பெண். கண்டாங்கிச் சேலை, கட்டுவது பெண்தான் என்றாலும், ஆண். காரணம் தேடாதீர்கள். பெயரைப் பாலோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்.

இரண்டும் சேர்ந்து வந்தால் நம் வரிசைதான், 'எனக்கு' முன்னால், 'அதை' பின்னால்: மே லோ. ஏவலில் வினையின் வாலில் ஒட்டிக்கொள்ளும், 'தாமேலோ': தா, எனக்கு, அதை. (முதல் அசை நம் 'தா' மாதிரியே இருப்பது தற்செயல். இதை வைத்து யாரும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதக் கிளம்ப வேண்டாம்.) தராதே என்றால் மறுபடி முன்னே வந்துவிடும்: 'நோ மே லோ தேஸ்'. லேயும் லோவும் அடுத்தடுத்து வந்தால் லே 'சே' ஆகும். காதுக்கு இனிமை கருதி மாற்றினார்கள் என்று பலர் சொல்வார்கள். உண்மையில் இடைக்கால ஸ்பானிஷில் 'ஜெலோ' என்றிருந்ததே பின்னாளில் சே லோவாகத் திரிந்தது.

பெரியவர்களிடம் 'உஸ்தேத்' (நம் மரியாதை 'நீங்கள்') சொல்கிறீர்கள்தானே? அது முன்னிலையாக இருந்தாலும் படர்க்கை வினையைத்தான் எடுக்கும். லோ, லா, லே எல்லாம் 'உங்களை', 'உங்களுக்கு' என்றும் ஆகும். குழுவில் எல்லாரும் பெண்கள், ஒரே ஒருவர் ஆண் என்றாலும் இலக்கணப்படி 'லோஸ்'தான். அந்தப் பெண்களில் யாராவது ஆட்சேபித்தால் அது அவர்கள் ஊரிலேயே நடந்துகொண்டிருக்கும் வழக்கு. நீங்கள் வீட்டின் இரண்டாம் கட்டைக் காட்டப் போய்விடலாம்.