ஜப்பானியத் துணிக் கலைகளை ரசிக்க ஒரு வெளிநாட்டவர் எங்கே தொடங்கலாம்?

கேள்வி கேட்டவர் வேலைக்காக ஜப்பான் வரப்போகிறாராம். நெசவு, சாயம், தையல் என்றால் அவருக்கு ஆசை. கிமோனோ வாங்கித் தொடங்கலாமா, வெளிநாட்டவர் அதை உடுத்தினால் தப்பாக நினைப்பார்களா என்று கேட்டிருக்கிறார். நான் குடும்பத்தோடு நாகோயாவில் வசிக்கிறேன். துணி விஷயத்தில் எனக்கும் இதே ஆசைதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கிமோனோவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு தெனுகுய் வாங்குங்கள்.

தெனுகுய் என்பது மெல்லிய பருத்திக் கைத்துண்டு. ஏறக்குறைய 35 செ.மீ. அகலம், 90 செ.மீ. நீளம். இரண்டு முனைகளையும் வெட்டி அப்படியே விட்டிருப்பார்கள், ஓரம் அடித்திருக்க மாட்டார்கள். மடித்துத் தைத்தால் அந்த மடிப்பில் ஈரம் தங்கும். தைக்காமல் விட்டால் சீக்கிரம் காயும். இங்கே கோடைக்காலம் முழுக்கப் புழுக்கம் என்பதால் இது பெரிய விஷயம். அவசரத்துக்குக் கிழித்துக் காயத்துக்குக் கட்டுப்போடவும் வசதி. முதல் சில துவைப்புகளில் பிசிறு வரும். இழுக்காமல் கத்தரியால் நறுக்கிவிடுங்கள். ஒரு கட்டத்துக்குப் பிறகு அது தானாகவே நின்றுவிடும்.

வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தில் நிறம் இருந்தால் அது ‘சூசென்’ முறையில் சாயம் ஏற்றியது. நீளத் துணியைத் தெனுகுய் அளவுக்கு மாற்றி மாற்றி மடித்து அடுக்குவார்கள். ஒவ்வொரு மடிப்பிலும் வெட்டுத்தாளை, அதாவது கோலத்தை வெட்டியெடுத்த தாளை வைத்துப் பசை தடவுவார்கள். பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பிறகு அடுக்கின் மேலே சாயத்தை ஊற்றி, கீழேயிருந்து உறிஞ்ச, எல்லா மடிப்புகளிலும் சாயம் இறங்கிவிடும். ஒசாகா பக்கம் சகாய், நாகோயாவுக்குக் கிழக்கே ஹமமாட்சு ஆகிய ஊர்களில் இந்த வேலை இன்றும் நடக்கிறது. ஒரே அடுக்கில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நிறங்களை ஊற்றி, அவை சந்திக்கும் இடத்தில் மெல்லக் கலக்க விடுவார்கள். அந்தக் கலவையை அச்சு இயந்திரத்தில் பார்க்க முடியாது.

அதை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டிவிடாதீர்கள். சமையலறையில் கை துடையுங்கள், வெயிலில் கழுத்தில் போடுங்கள், சாப்பாட்டு டப்பாவைச் சுற்றிக் கட்டுங்கள். இந்த நாட்டில் பல பொதுக் கழிப்பறைகளில் கை துடைக்கக் காகிதம் இருக்காது. எல்லோர் பையிலும் ஒரு துணி இருக்கும். நீங்களும் அப்படிப் பழகிவிட்டால் துணியை இவர்கள் பார்க்கும் பார்வை கொஞ்சம் பிடிபடும்.

எனக்கு அது பிடிபட்டது குழந்தையைப் பாலர் பள்ளியில் சேர்த்தபோது. பள்ளி தந்த பட்டியலில் புத்தகப் பை, பள்ளிக்குள் போடும் காலணிக்குப் பை, டம்ளருக்குச் சுருக்குப் பை என்று எல்லாவற்றுக்கும் சென்டிமீட்டர் அளவு போட்டிருந்தார்கள். வீட்டில் தைத்ததாக இருந்தால் நல்லது என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. கூடவே ‘ஸோகின்’, அதாவது பழைய துண்டை மடித்துக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டுத்தையல் போட்ட துடைதுணி. பள்ளிகளில் பிள்ளைகளே வகுப்பறையைத் துடைப்பார்கள், அதற்குத்தான். இப்போது நூறு யென் கடையிலேயே ஸோகின் கிடைக்கிறது. பைகளும் தைத்தே விற்கிறார்கள். வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு இது சுமைதான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் பள்ளி ஆண்டு தொடங்கும்முன், மார்ச் மாதத்தில் துணிக்கடையில் இளம் அப்பாக்களும் அம்மாக்களும் டேப்பும் கையுமாக நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனசு நிறைந்துவிடும்.

ஸோகினிலிருந்து கிமோனோ வரை ஓடுவது ஒரே கணக்குதான், துணி வீணாகக் கூடாது. கிமோனோவுக்கான துணி சுமார் 37 செ.மீ. அகலத்தில், பன்னிரண்டு மீட்டருக்குச் சற்று மேலாக ஒரே சுருளாக வரும். அதை நேர்கோட்டில் மட்டும் வெட்டுவார்கள். கழுத்துக்கோ கைக்கோ வளைவாக வெட்டுவதில்லை. அதனால் தையலைப் பிரித்தால் எல்லாத் துண்டுகளையும் மறுபடி இணைத்துப் பழைய சுருளாக்கலாம், துவைக்கலாம், வேறு சாயம் போடலாம், இன்னொருவருக்குத் தைக்கலாம். பெரியவர் உடுப்பு குழந்தைக்கு, அது கிழிந்தால் கைக்குழந்தையின் அணையாடைக்கு, கடைசியில் துடைதுணிக்கு என்று இறங்கும். கிமோனோவின் வடிவம் ஏன் இப்படிப் பெட்டி பெட்டியாக இருக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல விளக்கம் இதுதான்.

சரி, கைவேலை நடக்கும் இடத்துக்கு வருவோம். எனக்குப் பக்கத்தில் இருப்பது அரிமாட்சு. நாகோயா நிலையத்திலிருந்து மெய்டெட்சு ரயிலில் சுமார் இருபது நிமிடம். எடோ என்று அன்று அழைக்கப்பட்ட தோக்கியோவையும் கியோத்தோவையும் இணைத்த தொகைதோ நெடுஞ்சாலையில், 1608-இல் ஆட்களைக் குடியேற்றி உருவாக்கிய ஊர் அது. பயிர் செய்யத் தோதான நிலம் இல்லை. அதனால் தகெதா ஷோகுரோ என்பவர் முடிச்சுச் சாயம் போட்ட துண்டுகளை வழிப்போக்கர்களுக்கு விற்கத் தொடங்கினார். அங்கிருந்து வளர்ந்ததுதான் அரிமாட்சு ஷிபோரி. ஓவியர் ஹிரோஷிகே தொகைதோ நெடுஞ்சாலையை வரைந்த புகழ்பெற்ற வரிசையில், நருமி என்ற ஊருக்கான படத்தில் இந்தத் துணிக்கடைகளைத்தான் காட்டியிருக்கிறார். 1784-இல் பெருந்தீயில் ஊரே எரிந்தது. பிறகு ஓட்டுக்கூரையும் கனமான சாந்துச் சுவரும் வைத்துக் கட்டிய வீடுகள்தான் இன்று தெருவின் இரு பக்கமும் நிற்கின்றன.

நம் மதுரைச் சுங்குடியைத் தெரிந்தவர்களுக்கு ஷிபோரியின் அடிப்படை உடனே புரியும். துணியைக் கிள்ளி நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் போட்டால், கட்டிய இடம் வெள்ளையாக நிற்கும். ஆனால் அரிமாட்சுவில் கட்டும் முறைகள் மட்டும் ஏறத்தாழ நூறு என்பார்கள். ‘கனோகோ’வில் சின்னச் சின்னப் புள்ளிகள். ‘குமோ’வில் துணியைக் கொக்கியில் மாட்டி இழுத்து நூலைச் சுற்றிக்கொண்டே போவார்கள், பிரித்தால் சிலந்தி வலை. ‘மியூரா’வில் முடிச்சே கிடையாது, நூலை ஒரு சுற்று மட்டும் சுற்றி அடுத்ததற்குப் போய்விடுவார்கள். ‘அராஷி’யில் நீளமான கழியில் துணியைச் சுற்றி, நூல் கட்டி, நெருக்கித் தள்ளிச் சாயம் போடுவார்கள். காற்றில் சாய்ந்து அடிக்கும் மழை போலக் கோடுகள் விழும்.

அங்குள்ள ஷிபோரிக் கூடத்தில் வயதான பெண்கள் உட்கார்ந்து செய்துகாட்டுவார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே இடம் விடுவார்கள். விரல்களின் வேகம் கண்ணுக்குப் பிடிபடாது. நூலின் இறுக்கம் முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளி வரை ஒன்றாக இருக்க வேண்டும், தளர்ந்தால் சாயம் உள்ளே கசியும். துணியில் முன்பே நீல நிறத்தில் குறி போட்டிருக்கும், கழுவினால் அது போய்விடும்.

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது வேலைப் பங்கீடு. கோலம் வரைபவர் ஒருவர், வெட்டுத்தாள் செய்பவர் ஒருவர், குறி போடுபவர் ஒருவர், கட்டுபவர், சாயம் போடுபவர், கட்டுப் பிரிப்பவர், ஆவி பிடித்து விரிப்பவர் என்று ஒரு துணி வீடு வீடாகப் போகும். கட்டுபவர்களிலும் ஒருவருக்கு ஒரு முறைதான், வாழ்நாள் முழுக்க அதையே செய்து கை தேறுவார். அந்தத் தேர்ச்சியால்தான் துணி இவ்வளவு நேர்த்தியாக வருகிறது. அதே காரணத்தால்தான், ஒரு பாட்டி வாரிசு இல்லாமல் போனால் அவரோடு அந்த முறையும் போய்விடும் அபாயம் இருக்கிறது. முழுவதும் முடிச்சிட்ட பட்டுக் கிமோனோவுக்கு மாதக்கணக்கில், சில சமயம் ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும். விலையைப் பார்த்து மலைப்பதற்கு முன்னால் அந்தக் கைகளைப் போய்ப் பாருங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பேன். பெரிது வாங்க முடியாவிட்டால் ஒரு கைக்குட்டை போதும். துணியில் சின்னச் சின்ன மேடுகளும், புள்ளிக்குப் புள்ளி லேசான வித்தியாசமும் இருந்தால் கட்டியது. தட்டையாக, எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தால் அது பெரும்பாலும் ஷிபோரி போல அச்சடித்தது.

ஷிபோரியை விடவும் என்னை உலுக்கியது வடக்கின் கோகின் என்ற தையல் வேலை. ஹொன்ஷூ தீவின் வட முனையில், ஆவோமோரியின் மேற்குப் பகுதிதான் ட்சுகாரு. கடும் பனி. பருத்தி அங்கே விளையாது. போதாததற்கு 1724-இல் அந்தப் பகுதியின் ஆட்சி, சிக்கனம் என்ற பெயரில் விவசாயிகள் பருத்தி உடை அணியத் தடை போட்டது. இருந்தது சணல் வகை நாரில் நெய்த, இடைவெளி விட்ட முரட்டுத் துணி மட்டும். குளிர் அந்த இடைவெளி வழியாகத்தான் நுழையும். பெண்கள் அந்தத் துணியை நீலச்சாயத்தில் முக்கி, கிடைத்த வெள்ளைப் பருத்தி நூலால் இடைவெளிகளை நிரப்பித் தைத்தார்கள். நீளவாட்டில் ஓடும் பாவு நூலை ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையில் எண்ணி எண்ணி ஊசியை விட்டதால் சாய்சதுரக் கோலங்கள் பிறந்தன. பூனைக்கண், பயறு, சுரைக்காய் என்று ஒவ்வொரு கோலத்துக்கும் வீட்டுப் பெயர்கள் உண்டு. சுமை தூக்கும் தோளுக்கு அந்தத் தையல் பலமாகவும் இருந்தது. வெள்ளை நூல் அழுக்கேறிப் பழசானால் மொத்தத்தையும் மறுபடி நீலத்தில் முக்கி வேலைக்குப் போட்டுக்கொண்டார்கள்.

1891-இல் தோக்கியோவிலிருந்து ஆவோமோரி வரை ரயில் பாதை முடிந்தது. பருத்தித் துணி எளிதாக வந்து இறங்கியது, கோகின் மெல்ல மறைந்தது. அந்தப் பெண்கள் அதை விட்டதில் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. விளக்கு வெளிச்சத்தில் கண் வலிக்க நூல் எண்ணியவர்களுக்கு ஒரு கதகதப்பான சட்டை வாங்க வழி கிடைத்தது. பிறகு யானகி சோயெட்சுவின் ‘மிங்கேய்’ இயக்கம், மக்கள் புழங்கிய பொருள்களின் அழகை எடுத்துச் சொன்ன இயக்கம், கோகினையும் கவனத்துக்குக் கொண்டுவந்தது. இன்று ஹிரோசாகி நகரில் அதைக் கற்றுத்தரும், விற்கும் இடங்கள் இருக்கின்றன. தோக்கியோவில் கொமாபாவில் 1936-இல் யானகி தொடங்கிய ஜப்பான் நாட்டுப்புறக் கைவினை அருங்காட்சியகத்துக்கு அவசியம் போங்கள். காட்சிப் பொருள்கள் அடிக்கடி மாறும், போகும்முன் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கந்தல் மேல் கந்தல் ஒட்டித் தைத்த ‘போரோ’ துணிகளும் இதே வறுமையில் பிறந்தவைதான். இப்போது அவற்றை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பெரும் விலைக்கு வாங்குகிறார்கள். அழகை ரசிப்பதில் குற்றமில்லை. அந்தக் குளிரையும் சேர்த்து நினைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தமிழர் என்ற முறையில் இன்னொன்றும் சொல்கிறேன். எடோ காலத்து (17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை) நகரவாசிகள் விரும்பி உடுத்திய மெல்லிய கோடிட்ட பருத்தித் துணி ஒன்று, சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலில் போனது. மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோமின் பெயராலேயே அதை ‘சாந்தோமே’ என்று அழைத்தார்கள். பிறகு உள்ளூர் நெசவாளர்கள் அதைப் பார்த்துத் தாங்களே நெய்தார்கள். அந்த வழியில் வந்த துணியை சிபா மாகாணத்தின் தாதேயாமாவில் இன்றும் கைத்தறியில் நெய்கிறார்கள். அருங்காட்சியகத்தில் பழைய கோடுபோட்ட துணி எதையாவது பார்த்தால் கொஞ்சம் நின்று பாருங்கள், நம் கடற்கரைத் தறியின் சாயல் அதில் இருக்கலாம்.

கடைசியாக, கிமோனோ கேள்வி. நான் பழகிய வரையில் யாரும் தப்பாக நினைத்ததில்லை, சந்தோஷம்தான் படுகிறார்கள். கோடையில் யுகாதாவில் தொடங்குங்கள், அது மெல்லிய பருத்திக் கிமோனோ, கட்டுவது எளிது, வாணவேடிக்கை பார்க்கப் போகும் கூட்டத்தில் பாதிப்பேர் அதில்தான் வருவார்கள். ஆணோ பெண்ணோ, இடது மடிப்பு மேலே வர வேண்டும். வலது மேலே வருவது இறந்தவருக்கு உடுத்தும் முறை. தெருவில் முன்பின் தெரியாத ஒரு வயதான அம்மா வந்து உங்கள் ‘ஓபி’ என்ற இடுப்புப் பட்டையைச் சரிசெய்தால் கூச்சப்படாமல் நில்லுங்கள், நன்றி சொல்லுங்கள். எனக்கு ஓபி கட்டும் நுணுக்கம் பாதி அப்படித்தான் வந்தது. தேநீர்ச் சடங்கு, திருமணம் போன்ற இடங்களுக்கு மட்டும் அழைத்தவரிடம் என்ன உடுத்தலாம் என்று கேட்டுவிடுவது நல்லது. அங்கே பருவத்துக்கும் வயதுக்கும் தகுந்த விதிகள் உண்டு.

பழைய கிமோனோ வாங்க கியோத்தோவின் தோஜி கோயிலில் ஒவ்வொரு மாதமும் 21-ஆம் தேதி கூடும் சந்தைக்குப் போகலாம். குவியலில் தேடினால் நல்ல பட்டு சகாய விலைக்குக் கிடைக்கும். பழையவை சின்ன அளவில் இருக்கும், முதுகின் நடுவிலிருந்து மணிக்கட்டு வரை உங்கள் அளவை எடுத்துக்கொண்டு போங்கள். எதையும் தொடும்முன் கேளுங்கள். நீலச்சாயத் துணியை முதல் சில முறை தனியாகத் துவையுங்கள்.

நாகோயாப் பக்கம் வேலை அமைந்தால், ஜூன் தொடக்கத்தில் அரிமாட்சுவில் ஷிபோரித் திருவிழா நடக்கும். தெரு முழுக்கக் கடை போடுவார்கள், கட்டிப் பார்க்கவும் சொல்லித்தருவார்கள். காலையிலேயே போய்விடுங்கள், நல்ல துணிகள் மதியத்துக்குள் விற்றுவிடும்.