கருணை எதற்கு?

கேள்வி: ஸ்வீடன், பின்லாந்து போன்ற நாடுகளில் மக்கள் அரசாங்கத்தையும் அதிகாரிகளையும் மிகவும் நம்புகிறார்கள் என்று படித்தேன். நம் அதிகாரிகளும் சற்றுக் கருணையோடு நடந்துகொண்டால் இங்கும் அந்த நம்பிக்கை வந்துவிடாதா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: கருணையா? அந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன மாதம் ஒரு தாலுகா அலுவலக வாசலில், மனு எழுதித் தருபவரின் அருகே உட்கார்ந்திருந்தேன். முதியோர் உதவித்தொகை திடீரென்று நின்றுபோன ஒரு பாட்டி வந்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தவர், கடைசி வரியில் தாமாகவே 'ஐயா அவர்கள் கருணை கூர்ந்து' என்று சேர்த்தார். அது எதற்கு என்றேன். "அது இல்லாமல் மனுவா?" என்றார். பாட்டியும் தலையாட்டினார்.

வர வேண்டிய பணத்துக்குக் கருணை. பட்டா மாறுதலுக்குக் கருணை. சாதிச் சான்றிதழுக்கும் கருணை. சன்னிதியில் நின்று கேட்பதை அலுவலக ஜன்னலில் நின்று கேட்கப் பழகிவிட்டோம். விண்ணப்பங்களிலிருந்து இந்தச் சொல்லை நீக்க வேண்டும் என்று முன்பு எழுதியபோது, ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் 'மரியாதை தெரியாத பத்திரிகை' என்று மூன்று பக்கம் திட்டி எழுதினார். அவருக்கு இன்றும் அதே பதில்தான்: மரியாதை வேறு, கெஞ்சல் வேறு.

ஸ்வீடனில் 1766-இலேயே பத்திரிகைச் சுதந்திரச் சட்டம் வந்துவிட்டது. அரசு ஆவணங்களைக் குடிமக்கள் பார்க்கலாம், அச்சிடலாம் என்றது அது. அதற்காக முன்னின்று வாதாடிய ஆண்டர்ஸ் கிடேனியஸ், அன்று ஸ்வீடனோடு சேர்ந்திருந்த பின்லாந்துப் பகுதியின் பாதிரியார். இடையில் மன்னர் அந்த உரிமையைப் பறித்தார். போராடித் திரும்பப் பெற்றார்கள். இன்று அங்கே ஆவணம் கேட்டுப் போகிறவரிடம் நீங்கள் யார், எதற்காக என்று ஊழியர் பொதுவாகக் கேட்கக் கூடாது. மறுத்தால் நீதிமன்றம் போகலாம். 1995-இல் துணைப் பிரதமர் மோனா சாலின் அரசாங்கக் கடன் அட்டையில் சொந்தச் சாமான்கள் வாங்கியது வெளியே வந்தது. அதில் டோப்லரோன் சாக்லேட்டும் இருந்தது. பிரதமர் பதவிக்கான போட்டியிலிருந்தே அவர் விலகினார். எந்நேரமும் பிரித்துப் பார்க்கலாம் என்று தெரிந்த கணக்கை மக்கள் நம்பத்தானே செய்வார்கள்?

இதை நம் நாட்டில் எனக்குப் புரியவைத்தவர்கள் ராஜஸ்தானின் கூலித் தொழிலாளர்கள். மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற அவர்களுடைய அமைப்பு 1994-இல் ஊர் நடுவே மக்களைக் கூட்டி, அரசு வேலைகளின் மஸ்டர் ரோலை, அதாவது யார் வேலைக்கு வந்தார், என்ன கூலி என்று எழுதும் பதிவேட்டை, உரக்கப் படித்தது. வேலைக்கே வராதவர்களின் பெயரில் கூலி எழுதியிருந்தது அம்பலமானது. 1996-இல் அதே மாநிலத்தின் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்பதுதான் முழக்கம். தகவல் உரிமைக்கு மாநிலங்களில் முதலில் சட்டம் போட்டது 1997-இல் தமிழ்நாடு. ஆனால் விதிவிலக்குகளை அடுக்கி அதன் உயிரை எடுத்துவிட்டார்கள். 2005-இன் மத்தியச் சட்டம்தான் உருப்படியானது. அதன் 6(2) பிரிவு, தகவல் கேட்பவர் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்த வரி எந்தச் சட்டத்திலும் இல்லை.

அந்தச் சட்டத்தின் மீதுதான் இப்போது கை வைத்திருக்கிறார்கள். 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதைத் திருத்தி, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்க வழி செய்துவிட்டது. பொதுநலன் கருதித் தரலாம் என்ற இன்னொரு பிரிவு மிச்சம் இருக்கிறது. ஆனால் அது அதிகாரியின் முடிவு. மஸ்டர் ரோல் என்பதே பெயர்ப் பட்டியல்தான், அம்மா. பெயரை மூடினால் பொய்க்கூலி எழுதியவனை எதை வைத்துப் பிடிப்பது?

அன்று தாலுகா அலுவலக வாசலில், தகவல் உரிமைச் சட்டப்படி எழுத இன்னொரு வெள்ளைத்தாள் வாங்கினோம். உதவித்தொகை எந்தத் தேதியில், யாருடைய உத்தரவின்படி நிறுத்தப்பட்டது என்று மட்டும் கேட்டு எழுதி, 10 ரூபாய்க்குக் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினோம். பாட்டி கைநாட்டு வைத்தார். 30 நாளுக்குள் பதில் வந்தாக வேண்டும். 'ஐயா' என்பதை மட்டும் அப்படியே விட்டுவிட்டோம்.