நேபாளம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: இந்தியா முழுவதையும் விழுங்கிய ஆங்கிலேயர் நேபாளத்தை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்? (சேலம் வாசகர்)

முழுசாக விடவில்லை. 1814-16 போரில் ஆங்கிலேயரிடம் தோற்ற நேபாளத்தின் கூர்க்கா அரசு, சுகௌலி ஒப்பந்தத்தில் குமாவோன், கர்வால் பகுதிகளையும் சிக்கிமிடம் பிடித்த நிலத்தையும் இழந்தது. மேற்கே காளி ஆறு எல்லையானது அப்போதுதான். அந்தக் காளி எங்கே பிறக்கிறது என்பதில்தான், இந்தியாவும் நேபாளமும் உரிமை கோரும் லிபுலேக் கணவாய் பற்றிய இன்றைய தகராறே. மிச்சத்தை விட்டது கருணையால் அல்ல. 1792-ல் படையெடுத்து வந்த சீனப் பேரரசுக்கு நேபாளம் ஐந்தாண்டுக்கொரு முறை கப்பம் அனுப்பிவந்தது. பீக்கிங்கைச் சீண்டினால் கிழக்கிந்தியக் கம்பெனியின் சீன வணிகம் கெடும். காத்மாண்டில் ஒரு ரெசிடென்ட்டை (கம்பெனியின் பிரதிநிதியை) உட்காரவைப்பது அதைவிட மலிவு. 1857 கிளர்ச்சியை அடக்க ஜங் பகதூர் ராணா படையோடு வந்தார்; அதற்குக் கைம்மாறாக 1860-ல் மேற்குத் தராய் (மலையடிவாரச் சமவெளி) நேபாளத்துக்குத் திரும்பக் கிடைத்தது.

கேள்வி: இந்தியாவுடனான 1950 அமைதி, நட்புறவு ஒப்பந்தம் வேண்டாம் என்று முழங்கும் காத்மாண்டுத் தலைவர்கள் அதை ரத்து செய்ய வேண்டியதுதானே? (திருச்சி வாசகர்)

செய்யலாம். பத்தாவது பிரிவின்படி ஓராண்டு முன்னறிவிப்பு போதும். யாரும் கொடுத்ததில்லை. ஏழாவது பிரிவு இரு நாட்டவரும் மற்ற நாட்டில் தங்கவும் சொத்து வாங்கவும் தொழில் செய்யவும் வழிவிடுகிறது. அதை இழக்க எந்தக் கட்சிக்கும் துணிவில்லை. உறுத்தல் வேறு. கையெழுத்திட்ட மோகன் ஷம்ஷேர், ஏழே மாதத்தில் பரம்பரை ஆதிக்கத்தை இழந்த ராணா குடும்பத்து நேபாளப் பிரதமர். எதிரே கையெழுத்திட்டவரோ வெறும் இந்தியத் தூதர். கூடப் பரிமாறிய கடிதங்களும் 1959 வரை வெளிவரவில்லை.

கேள்வி: இந்தியா வழியை அடைத்தால் சீனா வழியே சரக்கு எடுக்கலாமே? (கோவை வாசகர்)

வரைபடத்தில் எடுக்கலாம். 1989 மார்ச்சில் வணிக, போக்குவரத்து ஒப்பந்தங்கள் காலாவதியானதும் இந்தியா இரண்டு வழிகளைத் தவிர மற்றவற்றை மூடியது. நேபாளம் சீனாவிடம் ஆயுதம் வாங்கியதில் டெல்லிக்கு ஏற்கெனவே எரிச்சல். எரிபொருள் இல்லாமல் மக்கள் தவித்தார்கள். மறு ஆண்டு எழுச்சியில், கட்சிகளுக்கு இடமில்லாத மன்னரின் பஞ்சாயத்து ஆட்சி கவிழ்ந்தது. 2015-ல் புதிய அரசியலமைப்பை எதிர்த்து தெற்குச் சமவெளி மக்களான மதேசிகள், இந்திய எல்லையை ஒட்டிய பீர்கஞ்ச் நகரின் எல்லைப் பாலத்தில் அமர, லாரிகள் நின்றன. தடை எங்களுடையதல்ல என்றது இந்தியா, காத்மாண்டு நம்பவில்லை. சீனா 13 லட்சம் லிட்டர் எரிபொருளை இலவசமாகத் தந்தது. ஒரு வாரத் தேவைக்குக்கூடக் காணாது. சீனாவுக்குச் செல்லும் கோதாரிச் சாலையையோ அந்த ஆண்டு நிலநடுக்கம் உடைத்திருந்தது.

சீனாவுடன் செய்த 2016 போக்குவரத்து ஒப்பந்தமும் 2019 நெறிமுறையும் தியான்ஜின், ஷென்ஜென் உட்பட நான்கு சீனத் துறைமுகங்களைத் திறந்துவிட்டன. ஆனால் தியான்ஜின் 3,000 கி.மீ.க்கும் அப்பால், பீர்கஞ்சிலிருந்து கொல்கத்தா சுமார் 700 கி.மீ. சீன எல்லைக்குப் போகும் இன்னொரு வழியான ரசுவாகடிச் சாலை மழைக்காலத்தில் மண்சரிவில் அடைபடும். அதே 2019-ல் திறந்த மோதிஹாரி (பீகார்) - அம்லேக்கஞ்ச் (நேபாளம்) எண்ணெய்க் குழாய்க்கு 69 கி.மீ.தான் நீளம். எண்ணெய் எந்தப் பக்கமிருந்து வரும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

கேள்வி: நேபாளக் கூர்க்காக்கள் இன்னும் இந்திய ராணுவத்தில் சேர்கிறார்களா? (நாகர்கோவில் வாசகர்)

1947-ல் இந்தியா, பிரிட்டன், நேபாளம் செய்துகொண்ட முத்தரப்பு உடன்பாட்டில் பத்து கூர்க்கா ரெஜிமென்ட்டுகளில் ஆறு இந்தியாவுக்கும் நான்கு பிரிட்டனுக்கும் போயின. 2022-ல் இந்திய ராணுவத்தில் அக்னிபாத் என்ற குறுகிய காலப் பணித் திட்டம் வந்ததும், நான்காண்டு வேலை அந்த உடன்பாட்டில் இல்லை என்று நேபாளம் இந்தியாவுக்கான ஆள்சேர்ப்பை நிறுத்திவைத்தது.