புதிதாகச் செய்த எஞ்சினில் காற்றுக் கசிவு: மீதிப் பணத்தைக் கொடுக்கலாமா?

கேள்வி: எனது ஹொண்டா சிவிக் காரின் பி16ஏ எஞ்சினை, போர்ஜ்ட் பிஸ்டன் (அடித்து உருவாக்கிய பலமான பிஸ்டன்), புதிய ரிங்ஸ் (பிஸ்டனைச் சுற்றிய வளையங்கள்), வேகத்துக்கான கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஆகியவற்றைப் போட்டுக் கல்முனையில் ஒரு கராஜில் முழுமையாகச் செய்வித்தேன். ஒப்படைக்கும் முன் காற்றுக் கசிவை, அதாவது சிலிண்டருக்குள் செலுத்தும் காற்றில் எவ்வளவு வெளியேறுகிறது என்பதை, சோதித்தபோது முதல் மூன்று சிலிண்டர்களில் 8, 9, 7 சதவீதமும், நான்காவதில் 24 சதவீதமும் காட்டியது. ரிங்ஸ் இன்னும் படியவில்லை என்றும், ஆயிரம் கிலோமீற்றர் ஓடினால் சரியாகிவிடும் என்றும் சொல்லி மெக்கானிக் மீதிப் பணத்தைக் கேட்கிறார். கொடுக்கலாமா?
- வாசகர், கல்லடி

பதில்: இப்போது கொடுக்க வேண்டாம். புதிய ரிங்ஸ் சிலிண்டர் சுவரோடு படிவதற்குச் சிறிது ஓட்டம் தேவை என்பதும், போர்ஜ்ட் பிஸ்டனுக்குக் குளிர்ந்த நிலையில் இடைவெளி கூடுதலாக விடப்படுவதால் எஞ்சின் சூடாகும் முன் கசிவு சற்று அதிகமாகத் தெரியும் என்பதும் உண்மைதான். ஆனால் நான்கு சிலிண்டர்களிலும் ஒரே ரிங்ஸ், ஒரே ஆளின் வேலை என்னும்போது, மூன்று பத்துக்குள் நிற்க ஒன்று மட்டும் 24 காட்டுவதற்கு அந்தக் காரணம் போதாது.

சதவீதத்தைவிட, காற்று எந்த வழியாக வெளியேறுகிறது என்பதே உங்களுக்கு முக்கியம். நான்காவது சிலிண்டரின் பிஸ்டனை, இரு பக்க வால்வுகளும் மூடியிருக்கும் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துவாரத்தின் வழியாக 100 பீ.எஸ்.ஐ. அழுத்தமுள்ள காற்றைச் செலுத்தச் சொல்லி, பக்கத்தில் நின்று நீங்களே காதுகொடுத்துக் கேளுங்கள். த்ரொட்டில் (எஞ்சினுக்குள் காற்றுப் போகும் வாய்) பக்கம் இரைச்சல் வந்தால் இன்டேக் வால்வு, சைலன்சர் வாயில் வந்தால் எக்ஸோஸ்ட் வால்வு, ஒயில் ஊற்றும் மூடியில் வந்தால் ரிங்ஸ் என்று கொள்ளலாம். ரேடியேற்றர் தண்ணீரில் குமிழி எழுந்தாலோ, பக்கத்துச் சிலிண்டரின் பிளக் துவாரத்தில் காற்று வந்தாலோ ஹெட் கஸ்கட்டை (வால்வுகள் உள்ள ஹெட்டுக்கும் சிலிண்டர்களுக்கும் இடையிலான தகட்டை) சந்தேகிக்க வேண்டும். பிரதான வீதியோரக் கராஜில் பகல் நேரத்தில் இந்த மெல்லிய ஓசை வாகனச் சத்தத்தில் அமுங்கிவிடும். கடை திறந்தவுடன், சந்தடி தொடங்கும் முன் போவது நல்லது.

காற்று ஒயில் மூடியால் மட்டும் வந்தால் மெக்கானிக் சொல்வதற்கு இடமுண்டு; ஓடிய பின் மீண்டும் அளந்து பார்க்கலாம். வால்வு வழியாக வந்தால், ஆயிரம் கிலோமீற்றர் ஓட்டம் அதைச் சரியாக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது. எக்ஸோஸ்ட் வால்வில் அப்படியே ஓடினால், சூடான வாயு கசியும் இடத்தையே எரித்துவிடும். அதற்காக உடனே ஹெட்டைக் கழற்றவும் வேண்டியதில்லை. புதிய கேம் போட்ட எஞ்சினில் வால்வு இடைவெளியை இறுக்கமாக வைத்துவிட்டால் வால்வு முழுதாக உட்காராது. பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அதைப் பார்க்க அதிக நேரம் ஆகாது. வால்வு சீட்டில் ஒட்டிய ஒரு சிறு துகளும் இதே கசிவைக் காட்டும். இவை இரண்டும் இல்லையென்றால்தான் ஹெட்டைக் கழற்றி வால்வை அரைக்க வேண்டும்.

சோதிக்கும்போது ஓர் எச்சரிக்கை. இந்த எஞ்சினின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 81 மில்லிமீற்றர், 100 பீ.எஸ்.ஐ. காற்று அந்தப் பிஸ்டன் தலையில் ஏறத்தாழ 360 கிலோ பாரத்தை ஏற்றுகிறது. பிஸ்டன் உச்சியிலிருந்து சற்று விலகியிருந்தாலும் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சுழன்று, அதில் மாட்டிய ஸ்பனர் கையை உடைத்துவிடக்கூடும். காற்றைத் திறக்கும்போது அதன் பக்கம் யாரும் நிற்கக் கூடாது.

கசிவை அளக்கும் வெவ்வேறு மீற்றர்களின் உள்துவாரம் வெவ்வேறு அளவாக இருப்பதால் ஒரு கராஜின் 8 இன்னொரு கராஜில் 12 ஆகலாம். ஆகவே மறு சோதனையையும் அதே மீற்றரில், எஞ்சின் சூடாக இருக்கும்போது, நான்கு சிலிண்டருக்கும் செய்வியுங்கள். கம்ப்ரஷன் மட்டும் பார்த்தால் போதும் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். இத்தகைய கேமில் இன்டேக் வால்வு தாமதமாக மூடுவதால், ஸ்டார்ட்டரில் சுற்றும்போது நல்ல எஞ்சினும் குறைந்த கம்ப்ரஷனையே காட்டும்.

கேள்வி: இவற்றை வாய்ப்பேச்சாகப் பேசி முடித்தால் போதாதா?
- அதே வாசகர்

பதில்: போதாது. நான்கு சிலிண்டர்களின் அளவீடுகள், சோதித்த திகதி, ஓடிய பின் நான்காவது குறையாவிட்டால் கூலியின்றித் திருத்தித் தருவதாக ஒரு வரி ஆகியவற்றைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, சேவை பற்றிய முறைப்பாட்டை மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். விபரம் கேட்க 1977 என்ற தொலைபேசி இலக்கம் உண்டு. ஆகவே அந்த ஆயிரம் கிலோமீற்றரை மாதக்கணக்கில் இழுக்காமல், மூன்று நான்கு வாரங்களுக்குள் ஓடி முடித்து மறுபடி அளந்துவிடுங்கள்.